அத்தியாயம் 7: ‘ஆட்கள் தேவை’ என்ற தாள்

வெள்ளவத்தைப் பாலத்திலிருந்து தெகிவளைப் பக்கமாகக் காலி வீதியில் நடந்து பாருங்கள். சேலைக்கடை, நகைக்கடை, சைவக்கடை, பேக்கரி என்று கண்ணாடிக் கதவுகளில் ‘வேலைக்கு ஆட்கள் தேவை’ என்ற தாள் ஒட்டியிருக்கும். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதி, பொன்ஜீன் வீதிப் பக்கம் போனாலும் அதே தாள்தான். வியாபாரம் பெருத்து ஆள் கூட்டுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் போன மாதம் நின்றுபோன பிள்ளையின் இடத்துக்குத்தான் ஆள் தேடுகிறார்கள். தீபாவளிக்கு முன் ஒட்டிய தாள் தைப்பொங்கலுக்கும் அங்கேயே இருக்கும், வெயிலில் மஞ்சளாகி ஓரம் சுருண்டு.

முதலாளியைக் கேட்டால், “இந்தக் காலத்துப் பொடியளுக்கு வேலை செய்ய விருப்பமில்லை” என்பார். ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து நின்றுபோன பிள்ளையைக் கேட்டால், “எவ்வளவு சம்பளம்னே மாசக் கடைசியிலதாங்க தெரியும்” என்பாள். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அடைப்பது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம். இது இரண்டு பேருக்கானது: இருபத்தைந்து பேருக்கு மேல் ஆள் வைக்காத கடைக்காரர் ஒருவர், அவருக்குக் கடன், பயிற்சி, ஆலோசனை என்று உதவ நினைக்கும் சங்கமோ வங்கியோ வெளிநாட்டு உறவினரோ மற்றவர்.

சிறு கடைகளைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. 2013/14 பொருளாதாரத் தொகைமதிப்பின்படி இலங்கையில் விவசாயம் சாராத நிறுவனங்கள் 10 இலட்சத்துக்கும் மேல். அவற்றில் வேலை செய்தவர்கள் ஏறத்தாழ 30 இலட்சம் பேர். அதாவது ஒரு நிறுவனத்துக்குச் சராசரியாக மூன்றே பேர். பத்தில் ஒன்பது நிறுவனங்கள் மிகச் சிறியவை. நாட்டில் நல்ல வேலைகள் பெருக வேண்டுமானால் அவற்றில் பெரும்பகுதி இந்த மூன்று பேர், ஆறு பேர் கடைகளில்தான் உருவாக வேண்டும்.

நல்ல வேலை எது?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1999 இல் ‘கண்ணியமான வேலை’ என்ற சொல்லை முன்வைத்தது. வெள்ளவத்தைக்கு அந்தக் கருத்து அதற்கு முன்பே தெரியும். இங்கிருந்த நூற்பு, நெசவு ஆலையில் 1933 இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிற்சங்கத் தலைவராக நின்றவர் கொல்வின் ஆர். டி சில்வா. இரண்டு வருடம் கழித்து லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். ஆலையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள், சேர்ந்து கேட்டார்கள். இன்றைய காலி வீதியில் ஆறு ஆறு பேராகப் பிரிந்து நிற்பவர்கள் சேர்ந்து கேட்பதில்லை. பேசாமல் நின்றுவிடுகிறார்கள்.

உங்கள் கடை வேலை நல்ல வேலைதானா என்று பார்க்க ஐந்து கேள்விகள் போதும்.

1. சம்பளம் எவ்வளவு, எந்தத் திகதியில் என்பது ஊழியருக்கு முன்கூட்டியே தெரியுமா?
2. எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்பது காலையிலேயே தெரியுமா?
3. நோய், பிரசவம், முதுமை வந்தால் கையில் ஏதாவது இருக்குமா?
4. உட்கார இடம், போக மலசலகூடம், சாப்பிட நேரம் இருக்கிறதா?
5. இரண்டு வருடம் கழித்து இன்றைக்குத் தெரியாத ஏதாவது ஒன்று தெரிந்திருக்குமா?

இவற்றில் முதல் இரண்டுக்கும் பணம் செலவில்லை. எழுதி வைத்தால் போதும். நான்காவதற்குச் செலவு கொஞ்சம். மூன்றாவதும் ஐந்தாவதும்தான் கணக்குப் போட வேண்டியவை.

ஒரு வேலையின் முழு விலை

தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாதம் 10,000 ரூபாயாகத் தொடங்கியது. 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. கொழும்பில் அறை வாடகையும் சோற்றுப் பார்சலும் விற்கிற விலையில் இதற்குக் கீழே யாரும் கேட்டு வரப்போவதில்லை. ஆகவே 40,000 ரூபாய்ச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம்.

ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எஃப்., 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. முதலாளி பங்கு குறைந்தது 12 சதவீதம், ஊழியர் பங்கு 8 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதி, ஈ.டி.எஃப்., 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 3 சதவீதம். முழுவதும் முதலாளியின் பணம், ஊழியரிடம் பிடிக்கக் கூடாது.

– சம்பளம்: 40,000
– முதலாளியின் ஈ.பி.எஃப். பங்கு: 4,800
– ஈ.டி.எஃப்.: 1,200
– முதலாளிக்கு மொத்தச் செலவு: 46,000
– ஊழியரிடம் பிடிக்கும் 8 சதவீதம்: 3,200
– ஊழியரின் கையில்: 36,800
– ஊழியரின் ஈ.பி.எஃப். கணக்கில் மாதாமாதம் சேர்வது: 8,000, வருடத்துக்கு 96,000, வட்டி தனி.

இங்கே கடைக்காரர்கள் வழமையாகத் தடுக்கி விழும் நான்கு இடங்கள்:

ஒன்று, ‘தற்காலிகம்தானே’ என்பது. நிரந்தரம், தற்காலிகம், நாட்கூலி, துண்டுக்கூலி எல்லாருக்கும் முதல் நாளிலிருந்தே ஈ.பி.எஃப். உண்டு. கொட்டாஞ்சேனை அச்சகத்தில் புத்தகம் கட்டுபவருக்கும், பட்டறையில் துண்டுக்கூலிக்கு நகை செய்பவருக்கும் இது பொருந்தும். ஒரே ஓர் ஊழியர் இருந்தாலும் கட்ட வேண்டும். குடும்பத்தவர் மட்டுமே வேலை செய்யும் கடைக்கு விலக்கு.

இரண்டு, சம்பளத்தைப் பிரித்து எழுதுவது. ‘அடிப்படை 20,000, அலவன்ஸ் 20,000’ என்று எழுதி 20,000 க்கு மட்டும் நிதி கட்டும் பழக்கம் ஆபத்தானது. வாழ்க்கைச் செலவுப் படி, விடுமுறைக்கான கொடுப்பனவு மட்டுமல்ல, நீங்கள் கொடுக்கும் சாப்பாட்டின் பெறுமதியும் ஈ.பி.எஃப். கணக்கில் ‘உழைப்பு’ என்றே சேரும். மேலதிக நேரப் பணம் சேராது.

மூன்று, பிந்திக் கட்டுவது. ஒரு மாதத்துப் பங்கை அடுத்த மாதக் கடைசி வேலை நாளுக்குள் செலுத்த வேண்டும். தவறினால் மேலதிகக் கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கி, தாமதம் நீள நீள 50 சதவீதம் வரை ஏறும். பிடித்த 3,200 ஐக் கல்லாப் பெட்டியில் வைத்துச் சுழற்றுவது வட்டியில்லாக் கடனல்ல. அபராதத்தோடு திரும்பி வரும்.

நான்கு, “அவளே வேண்டாம் எண்டு சொல்லுறாள், கையிலேயே தரச் சொல்லுறாள்” என்பது. இருபது வயதுப் பிள்ளை அப்படித்தான் கேட்கும். பொதுவாகப் பெண்கள் 50 வயதில், ஆண்கள் 55 வயதில்தான் இந்தப் பணத்தை முழுதாக எடுக்கலாம் என்பது அவளுக்கு எட்டாத தூரம். ஆனால் ஊழியர் சம்மதித்தார் என்பது சட்டத்தின் முன் நிற்காது. பத்து வருடம் கழித்து அவள் தொழில் திணைக்களத்துக்குப் போனால், பத்து வருடப் பங்கையும் அபராதத்தோடு நீங்கள்தான் கட்ட வேண்டி வரும்.

இந்தப் பணம் எங்கிருந்து வரும்?

ஆறு விற்பனையாளர்கள் உள்ள ஒரு சேலைக்கடையை வைத்து உண்மையாகவே கணக்குப் பார்ப்போம். இதுவரை நிதி எதுவும் கட்டாத கடை. இனிக் கட்டினால் ஆளுக்கு மாதம் 6,000. ஆறு பேருக்கு வருடத்தில் 432,000 ரூபாய்.

இப்போது வருடத்துக்கு மூன்று பேர் நின்றுபோகிறார்கள் என்று வையுங்கள். புதிதாக வருபவருக்கு காஞ்சிபுரத்தையும் ஆரணியையும் பிரித்துச் சொல்ல, மடிப்புக் கலையாமல் விரித்துக் காட்ட, பேரம் பேச இரண்டு மாதம் பிடிக்கும். அந்த இரண்டு மாதமும் பாதி வேலைதான் நடக்கும் என்றால் ஒருவருக்கு 40,000 ரூபாய் நட்டம். மூன்று பேருக்கு 120,000. ஆள் நிலைத்தால் இது மிச்சம்.

மீதி 312,000. ‘நல்லபடி நடத்தினால் செலவு தானாக ஈடாகும்’ என்று சொல்லும் ஆலோசகர்களை நம்ப வேண்டாம்; தானாக ஈடாகாது. வருடத்தில் 312 வியாபார நாட்கள் என்றால், நாளொன்றுக்கு 1,000 ரூபாய் கூடுதல் இலாபம் வேண்டும். உங்கள் இலாபம் விற்பனையில் நாலில் ஒன்று என்றால், நாளொன்றுக்கு 4,000 ரூபாய் விற்பனை கூட வேண்டும். சாதாரணச் சேலை ஒன்றோ இரண்டோ. வருகிற அம்மாவின் மகள் யார், போன ஆவணியில் எந்தக் கல்யாணத்துக்கு என்ன எடுத்தார் என்று தெரிந்த பழைய விற்பனையாளர் இருந்தால் அந்த ஒரு சேலை விற்கும். ஒவ்வொரு ஆறு மாதமும் ஆள் மாறுகிற கடையில் விற்காது.

உங்கள் கடையின் இலக்கங்களை இதே வரிசையில் போட்டுப் பாருங்கள். கூடுதல் விற்பனை எட்ட முடியாத தொகையாக வந்தால், பிரச்சினை ஊழியர் செலவில் இல்லை. வாடகையிலோ சரக்குக் கடனிலோ இருக்கிறது. முன்திகதியிட்ட காசோலைகள் எந்த மாதத்தில் குவிகின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். ஆடியில் கல்யாணம் இல்லை, கை இறுகும், ஆவணியில் கூட்டம். தீபாவளி, தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்புக்கு முன் கல்லா நிறையும். அந்தக் காலத்தில் ஒரு தனிக் கணக்கில் இரண்டு மாதச் சம்பளத்தையும் நிதிப் பங்கையும் போட்டு வைப்பவரே ஆடியில் நிம்மதியாகச் சம்பளம் கொடுப்பார்.

ஒரு பக்கக் கடிதம்

நியமனக் கடிதம் கொடுப்பது 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் உங்கள் கடமை. சட்டத்தரணி தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். ஒரு பக்கத்தில் இவை இருக்கட்டும்:

– கடையின் பதிவுப் பெயரும் முகவரியும். ஊழியரின் முழுப்பெயரும் அடையாள அட்டை இலக்கமும்
– வேலை என்ன, எந்தத் திகதியிலிருந்து, தகுதிகாண் காலம் எவ்வளவு
– அடிப்படைச் சம்பளம், படிகள், கமிஷன் இருந்தால் அதன் விகிதம்
– சம்பளத் திகதி, வங்கிக் கணக்கா கையிலா
– வேலை நேரம், சாப்பாட்டு நேரம், வார விடுமுறை நாள்
– வருடாந்த லீவு, தற்செயல் லீவு
– ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். உண்டு என்ற வரி
– வேலையை விட இரு தரப்பும் கொடுக்க வேண்டிய முன்னறிவித்தல்
– ஒவ்வொரு வருடமும் எந்த மாதத்தில் சம்பளம் மீளப் பார்க்கப்படும்

கடைசி வரியைப் பலர் விட்டுவிடுவார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. முந்தைய வருடம் வாங்கியதில் ஐந்தில் மூன்று பங்கைக்கூட அதே சம்பளத்தில் வாங்க முடியவில்லை. அந்த வருடம் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்து போனார்கள். உங்கள் ஊழியருக்காகப் போட்டி போடுவது பக்கத்துக் கடைக்காரர் மட்டுமல்ல, கட்டாரும் துபாயும்தான். சம்பளம் எப்போது கூடும் என்பது எழுத்தில் இருந்தால், பிள்ளை முகவரைத் தேடிப் போவதற்கு முன் ஒரு தரம் யோசிக்கும்.

கடிதத்தோடு மாதாமாதம் சம்பளச் சீட்டும் கொடுங்கள். கொப்பித் தாளில் கையால் எழுதினாலும் போதும். முற்பணம் எவ்வளவு பிடித்தோம் என்பதில்தான் அதிகம் மனக்கசப்பு வரும்; சீட்டு இருந்தால் அது வராது.

16 வயதுக்குக் குறைந்தவரை எந்தக் காரணத்துக்காகவும் வைக்க வேண்டாம். 2021 இல் குறைந்தபட்ச வயது 14 இலிருந்து 16 ஆக்கப்பட்டது. ‘ஊரிலிருந்து தகப்பனே கொண்டுவந்து விட்டார்’ என்பது பதிலாகாது.

நேரம், லீவு, போயா

கடை ஊழியருக்குச் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம். இதற்கு மேல் வாங்கும் வேலைக்கு ஒன்றரை மடங்கு. அதுவும் வாரத்துக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 40,000 ரூபாய்ச் சம்பளத்தை 240 ஆல் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 167. ஒன்றரை மடங்கு 250 ரூபாய்.

காலை 9 க்குத் திறந்து இரவு 8 க்குப் பூட்டும் கடையில், ஆறு நாளும் எல்லாரும் நிற்கிறார்கள் என்று வையுங்கள். சாப்பாட்டு நேரம் போக நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 60. சட்ட எல்லையைவிட 15 மணி கூடுதல். மேலதிக நேர எல்லையும் உடைந்துவிட்டது. இதைச் சரிசெய்ய ஆள் கூட்டத் தேவையில்லை. பாதிப் பேர் 9 முதல் 6 வரை, மீதிப் பேர் 11 முதல் 8 வரை என்று பிரியுங்கள். ஒரு மணி சாப்பாடு போக எட்டு மணி நேரம். கூட்டம் வரும் மாலையில் 6 மணி வரை எல்லாரும் இருப்பார்கள்; ஆளில்லாத காலை நேரத்தில் மூன்று பேர் போதும். ஐந்து முழு நாளும் ஒரு ஐந்து மணி நேர அரை நாளும் சேர்ந்தால் 45 மணி.

வாரத்துக்கு ஒன்றரை நாள் சம்பளத்துடன் விடுமுறை. வருடாந்த லீவு 14 நாள், தற்செயல் லீவு 7 நாள். முதல் வருடம் எந்தக் காலாண்டில் சேர்ந்தார் என்பதைப் பொறுத்து, அடுத்த வருடத்தில் எடுக்கும் வருடாந்த லீவு 14, 10, 7, 4 என்று குறையும். போயா நாளில் வேலை வாங்கினால் ஒன்றரை நாள் சம்பளம். பேக்கரி, அச்சகம், சாப்பாட்டுக் கடை போன்ற தொழில்களுக்குச் சம்பள நிர்ணய சபைகள் தனியாக உண்டு. அவற்றின் விதிகளை நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு சிறிய காரியம் செய்யுங்கள். அடுத்த மாத லீவுப் பட்டியலை இந்த மாதம் 25 ஆம் திகதிக்குள் சுவரில் ஒட்டுங்கள். மலையகத்திலிருந்து வந்த பிள்ளைக்கு அது பெரிய விஷயம். பதுளைக்கோ நுவரெலியாவுக்கோ போய்வர வழியிலேயே ஒரு நாள் போய்விடும். இரண்டு அரை நாளைச் சேர்த்து ஒன்றாக எடுக்க விட்டால், தீபாவளிக்குப் போனவள் திரும்பி வருவாள்.

நாற்காலி

சென்னை ரங்கநாதன் தெருத் துணிக்கடை ஊழியர்களின் வாழ்க்கையை ‘அங்காடித் தெரு’ 2010 இல் திரையில் காட்டியது. பார்த்து அழுதவர்கள் வெள்ளவத்தையிலும் உண்டு. அப்படி நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைக் கேரளம் 2018 இலும் தமிழ்நாடு 2021 இலும் சட்டமாக்கின. அதுவரை வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்கார்ந்தால் மரியாதைக் குறைவு என்றுதான் இரு கரையிலும் நினைத்தோம்.

ஆறு முக்காலிகள் வாங்குங்கள். பட்டறையில் என்றால் காற்றோட்டமும் ஊதுகுழல் நெருப்புக்குத் தடுப்பும். பெண்களுக்குப் பூட்டக்கூடிய மலசலகூடம். ‘பக்கத்துக் கடையில போய்ட்டு வா’ என்ற ஏற்பாடு கூடாது. ஊழியர் தங்கும் மேல் மாடி இருந்தால், அதற்கு இரண்டாவது வழி உண்டா, தீப்பற்றினால் எப்படி இறங்குவது என்று இன்றே பாருங்கள். சேலைச் சரக்குக்கு மேலே தூங்கும் பிள்ளைகள் அவர்கள். வேலையில் காயம் பட்டால் நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு 1934 இலிருந்தே முதலாளியுடையது. அதற்கான காப்புறுதியைக் கடைக் காப்புறுதியோடு சேர்த்து எடுங்கள்.

கற்றுக்கொடுத்த கைக்குச் சான்றிதழ்

கொத்துப் போடுபவர், ‘பாஸ்’ என்று நாம் கூப்பிடும் பேக்கரி மாஸ்டர், பிளவுஸ் தைப்பவர், சலூன்காரர் எல்லாரும் பத்து வருடம் வேலை தெரிந்தவர்கள். கையில் ஒரு தாள் இல்லை. தேசிய தொழிற் தகைமை, என்.வி.கியூ., 1 முதல் 7 வரை மட்டங்களில் உள்ளது. வகுப்புக்குப் போகாமலே, ஏற்கெனவே கற்ற திறமையை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் வழியும் அதில் உண்டு. தேசிய பயிலுனர், கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையில் விசாரியுங்கள்.

சான்றிதழ் கொடுத்தால் ஆள் போய்விடுவார் என்பது முதலாளிகளின் பயம். சிலர் போவார்கள். ஆனால் சான்றிதழுக்கு இத்தனை ரூபாய் சம்பள உயர்வு என்று நியமனக் கடிதத்திலேயே எழுதி வைத்தால், போவதற்கான காரணத்தில் பாதி குறையும். மூன்றாம் மட்டத்துக்கு ஒரு படி, நான்காம் மட்டத்துக்கு இன்னொரு படி. ஆறு பேர் கடையிலும் ஏணி வைக்கலாம்.

தனிக்கடையால் முடியாதவை

இதுவரை சொன்னவை ஒரு முதலாளி தனியாகச் செய்யக்கூடியவை. இரண்டு சுமைகளை அவரால் தனியாகத் தூக்க முடியாது. உதவி செய்ய வருபவர்கள் கை வைக்க வேண்டிய இடம் இதுதான்.

முதலாவது பிரசவ லீவு. 84 வேலை நாட்கள், முழுச் சம்பளத்துடன். 2018 திருத்தத்துக்குப் பின் எத்தனையாவது பிள்ளை என்ற வேறுபாடும் இல்லை. வார விடுமுறையையும் போயாவையும் சேர்த்தால் ஏறக்குறைய நான்கு மாதம். இந்தியாவில் தொழிலாளர் அரசுக் காப்புறுதிக்கு முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்டுகிறார்கள். பிரசவ காலச் சம்பளத்தை அந்த நிதி கொடுக்கிறது. இலங்கையில் முழுச் செலவும் அந்த ஒரு முதலாளியின் தலையில். அதனால்தான் “கலியாணம் கட்டிட்டீங்களா?” என்ற கேள்வி நேர்முகத்தில் முதலாவதாக வருகிறது. அது அநியாயம். அந்தக் கேள்வியை நிறுத்தப் புத்திமதி போதாது. செலவைப் பகிர வேண்டும்.

சீட்டுப் பிடிக்கத் தெரியாத வியாபாரி நம்மில் இல்லை. அதே பழக்கத்தை இதற்குத் திருப்புங்கள். ஒரு தெருவில் 20 கடைகள், மொத்தம் 80 பெண்கள், வருடத்துக்கு நாலு பிரசவம் என்று வைத்தால், ஒருவருக்கு 40,000 வீதம் நான்கு மாதத்துக்கு 160,000. நாலு பேருக்கு 640,000. ஒரு கடையின் பங்கு மாதம் ஏறக்குறைய 2,700 ரூபாய். ‘பிரசவச் சீட்டு’ என்றே பெயர் வையுங்கள். சட்டப் பொறுப்பு அந்தந்த முதலாளியிடமே இருக்கும். சீட்டு அவருக்கு முட்டுக் கொடுக்கும். ஏலம் கூடாது, கழிவு கூடாது, தனி வங்கிக் கணக்கு, மூவர் கையெழுத்து.

இரண்டாவது, 15 பேர் என்ற கோடு. 1983 ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டமும், வேலை நீக்கத்தைக் கட்டுப்படுத்தும் 1971 ஆம் ஆண்டுச் சட்டமும் 15 பேரில்தான் தொடங்குகின்றன. அதனால் பதினான்கு பேரோடு நிறுத்தி, அடுத்த கடையை மனைவியின் பெயரில் பதிகிறவர்கள் உண்டு. அந்தக் கோட்டைப் பயப்படாமல் தாண்ட வழி, முதல் ஆளிலிருந்தே சேமிப்பது. ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். 40,000 க்கு 20,000. மாதம் 1,667 ரூபாய். ஆக ஒரு நல்ல வேலையின் முழு விலை 47,667. சம்பளத்தின் மேல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இந்த இலக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு ஆள் எடுப்பவர் வளரும்போது திணற மாட்டார்.

உதவுபவர்களுக்கு மூன்று சொல்

கடன் கொடுக்கும் வங்கிக்கு: எத்தனை பேருக்கு வேலை கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், எத்தனை பேருக்குக் கடந்த 12 மாதமும் ஈ.பி.எஃப். கட்டப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். தவறாமல் கட்டியவர் தவணையையும் கட்டுவார். அவருக்கு வட்டியில் சலுகை கொடுங்கள்.

வர்த்தகர் சங்கத்துக்கும் ஊர்ச் சங்கத்துக்கும்: விழாவுக்கு மேடை போடும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, இருபது கடைக்குப் பொதுவாக ஒரு கணக்கரை வையுங்கள். சம்பளச் சீட்டு, நிதிப் படிவம், லீவுப் பதிவு மூன்றையும் மாதம் ஒரு நாள் வந்து எழுதிக் கொடுப்பார். சிறு முதலாளிக்கு மனமில்லாததைவிட நேரமில்லாததுதான் அதிகம்.

ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ கடைக்குப் பணம் போடும் மச்சானுக்கும் சித்தப்பாவுக்கும்: இலாபப் பங்கு கேட்கும்போது சம்பளப் பதிவேட்டையும் ஒருமுறை கேளுங்கள். நீங்கள் இருக்கும் நாட்டில் உங்களுக்குக் கிடைத்த லீவும் சம்பளச் சீட்டும் இங்கே உங்கள் பணத்தில் நிற்கும் பிள்ளைக்கும் கிடைக்கட்டும்.

பன்னிரண்டு மாதத் திட்டம்

– 1 ஆம் மாதம்: ஊழியர் பெயர்ப் பட்டியல், எல்லாருக்கும் நியமனக் கடிதம், சம்பளத் திகதி நிர்ணயம். வியாபாரப் பெயர்ப் பதிவு இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் அதை முடியுங்கள். வெள்ளவத்தைக்குத் திம்பிரிகஸ்யாய, கொட்டாஞ்சேனைக்குக் கொழும்பு.
– 2 ஆம் மாதம்: ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். பதிவு, முதல் கொடுப்பனவு, சம்பளச் சீட்டு.
– 3 ஆம் மாதம்: இரு நேர முறை, லீவுப் பட்டியல் சுவரில்.
– 4 ஆம் மாதம்: முக்காலி, மலசலகூடம், தங்குமிடத்தில் தீ வழி, காப்புறுதி.
– 5 முதல் 7 வரை: கடந்த காலப் பாக்கி இருந்தால், தொழில் திணைக்களத்தோடு நீங்களாகவே பேசித் தவணை ஒழுங்கு. புகார் வந்தபின் போவதைவிட இது மலிவு.
– 8 முதல் 10 வரை: ஒருவரையாவது தொழிற் தகைமை மதிப்பீட்டுக்கு அனுப்புதல், சம்பளப் படி நிர்ணயம்.
– 11 ஆம் மாதம்: பக்கத்துக் கடைகளோடு பிரசவச் சீட்டு, பொதுக் கணக்கர்.
– 12 ஆம் மாதம்: வருடத் தொடக்கத்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துச் சம்பளத்தை மீளப் பார்த்தல்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தொடங்க வேண்டாம், பாதியில் நின்றுவிடும். இன்று இரவு கடையைப் பூட்டுவதற்கு முன் ஒரு கடிதம் எழுதுங்கள், உங்களோடு மிக நீண்ட காலம் இருப்பவரின் பெயரில். அவர் சேர்ந்த உண்மையான திகதியைப் போட்டு, கையெழுத்து வைத்து, அவர் கையில் கொடுங்கள். மற்ற ஐந்து பேரும் நாளைக்குக் காலையில் தங்கள் கடிதத்தைக் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள்.